ஹனோவரின் கொலைகாரனும் ஓர் ஆசிரியரின் நூலும்

கொலைகாரரைப் பற்றிய நூல்களுக்கு எக்காலத்திலும் வாசகர் உண்டு. அவற்றின் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. கொலைஞனின் குழந்தைப் பருவம், அவனது கண்களின் குரூரம், கத்தியின் அளவு, இறுதியில் தூக்குமேடை. இவற்றைப் படித்து முடித்தவர் மெய்சிலிர்த்து, தாம் அத்தகையவரல்லர் என்ற திருப்தியுடன் உறங்கச் செல்வார். கொல்லப்பட்டவர்கள் அந்நூல்களில் வெறும் எண்ணிக்கை. சமுதாயமோ அவற்றில் இடம்பெறுவதே இல்லை.

இவ்வகை எழுத்துக்கு நேர் எதிராக நிற்பது, ஜேர்மனியில் 1925ஆம் ஆண்டு வெளிவந்த தியோடர் லெசிங்கின் நூலாகும். பிரிட்ஸ் ஹார்மன் என்பவனை 'ஓநாய் மனிதன்' என வருணித்து அது எழுதப்பட்டது. லெசிங் ஹனோவர் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் தத்துவம் போதித்தவர், யூதர், சமதர்மக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். தம் சொந்த நகரத்தில் நிகழ்ந்த கொடுமையைத் தம் சொந்த நகரத்தாருக்கே எழுதிக் காட்டினார். அதனாலேயே இந்நூல் இன்றும் நம் கவனத்துக்குரியதாகிறது. அதனாலேயே அவர் துன்பத்துக்கும் ஆளானார்.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே கூறலாம். 1879இல் ஹனோவரில் பிறந்த ஹார்மன், இளமையில் மனநோய் விடுதியிலும் பின்னர் பலமுறை சிறையிலும் இருந்தவன். 1918இல் சிறையிலிருந்து வெளிவந்தவன், அவ்வாண்டு முதல் 1924 வரை சிறுவரையும் இளைஞரையும் தன் அறைக்கு அழைத்துச் சென்று கொன்றான். 1924 மே மாதத்தில் லைன ஆற்றங்கரையில் மண்டையோடுகள் அகப்படலாயின. பின்னர் ஆற்றைத் துழாவியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. அவ்வாண்டு ஜூனில் அவன் கைதானான். டிசம்பரில் நடந்த விசாரணையில் 27 கொலைகள் சாட்டப்பட்டு, 24 நிரூபணமாயின. 1925 ஏப்பிரல் 15ஆம் திகதி அவனது தலை துண்டிக்கப்பட்டது. அத்தலையைக் கோட்டிங்கன் மருத்துவப் பீடத்தார் 2014 வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், பாதுகாத்து வைத்திருந்தனர். குற்றத்தின் காரணம் ஒருவனது மூளைக்குள்தான் அடங்கியிருக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த சின்னம் வேறு வேண்டியதில்லை.

லெசிங் அந்தத் தலையை விட்டுவிட்டு ஹனோவரின் புகையிரத நிலையத்தைப் பார்த்தார். நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. போரில் தோற்ற நாடு, பசி, வீடு திரும்பிய சிப்பாய்கள், வேலை தேடி ஊர் ஊராகத் திரிந்த இளைஞர், தந்தையரை இழந்து வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கெனச் செல்லும் பாதைகள் சந்திக்கும் அந்நிலையத்தின் தங்குமண்டபங்களில் இவர்கள் இரவைக் கழித்தனர். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 4,20,000 கோடி மார்க் ஆயிற்று. அத்தகைய நாட்டில் ஒரு துண்டு இறைச்சிக்கும் பழைய மேலங்கி ஒன்றுக்கும் இருந்த மதிப்பு பணத்துக்கு இருக்கவில்லை. ஹார்மன் இறைச்சியும் பழந்துணியும் விற்றான். நிலையத்தைச் சுற்றியிருந்த கள்ளச்சந்தையில் அவன் ஒரு மதிப்புள்ள வியாபாரி. எங்கிருந்து வந்ததென்று கேட்கும் வழக்கம் அங்கு எவருக்கும் இல்லை. அவன் மனித இறைச்சியை விற்றானா என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் பரபரப்பு ஏடுகள் அதையே பிடித்துக்கொண்டன, துணியை மறந்தன.

லெசிங் துணியை மறக்கவில்லை. கொல்லப்பட்டவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து, யாருடைய மகன், எப்போது காணாமற்போனான், என்ன உடுத்தியிருந்தான் என எழுதிச் செல்கிறார். பொலிஸ் நிலையத்தில் பரப்பி வைக்கப்பட்ட உடைக் குவியலில் தம் பிள்ளையின் காற்சட்டையை, தாமே தைத்த ஒட்டை, ஒரு பொத்தானைத் தேடி வந்த பெற்றோரை நாம் காண்கிறோம். சில உடைகள் அண்டை அயலாரின் உடல்களிலேயே இருந்தன. குறைந்த விலைக்கு வாங்கி அணிந்திருந்தார்கள். இப்பகுதிகளில் ஆசிரியர் குரலை உயர்த்துவதில்லை. உணர்ச்சிச் சொற்கள் ஏதுமின்றி, பட்டியல்போல எழுதுகிறார். நமது கதாசிரியர் பலர், ஏழையின் துயரத்தைச் சொல்ல வந்தவுடன் பெருமூச்சுகளை அடுக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் இப்பக்கங்களைப் படித்தால் நன்று.

ஆனால் ஆளுவோரின் ஆத்திரத்தைக் கிளறியது இதுவன்று. ஹார்மன் பொலிசாரின் ஒற்றனாக இருந்தான். திருட்டுப் பொருள்களைப் பற்றித் துப்புக் கொடுத்தான். அதற்குப் பிரதியாக அவனைக் கண்டும் காணாதிருந்தனர். நிலையத்தில் உறங்கிய பையன்களை அவன் எழுப்பி விசாரித்தபோது, அவர்கள் அவனை ஓர் அதிகாரி என்றே நம்பினர். 1918இலேயே காணாமற்போன ஒரு மாணவனைத் தேடிப் பொலிசார் அவனது அறைக்குள் புகுந்தனர். வேறொரு பையனுடன் அவனைக் கண்டு, அதற்காகச் சிறைத்தண்டனை பெற்றுக்கொடுத்தனர். தாங்கள் தேடி வந்த மாணவனின் தலை அப்போது அடுப்புக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் கிடந்ததென்று பின்னர் அவனே கூறினான். அதன்பின்பும் ஆறாண்டுகள்! பிள்ளையைக் காணவில்லையென்று முறையிட வந்த தொழிலாளியின் சொல்லுக்கு இல்லாத எடை, ஒற்றனின் சொல்லுக்கு இருந்தது. தற்பாற்காதலைக் குற்றமாக்கிய சட்டமொன்று அந்நாளில் நடைமுறையிலிருந்ததையும் மறக்கலாகாது. உண்மை அறிந்திருக்கக்கூடிய பலர் சாட்சி கூறினால் தாமே சிறை செல்ல நேரும் என அஞ்சும் நிலையை அச்சட்டம் உண்டாக்கியிருந்தது.

பொலிசாரின் இப்பங்கினை லெசிங் பத்திரிகைகளில் எழுதினார். நீதிமன்றம் அவரது அனுமதியைப் பறித்து, விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே வெளியேற்றியது. கொலைகாரனைப் பற்றி எதையும் எழுதலாம். அவனுக்கு அடையாளச் சீட்டுக் கொடுத்தவரைப் பற்றி எழுதலாகாது. ஹார்மனின் தோழன் ஹான்ஸ் கிரான்ஸ் என்பவனுக்கு அவசரத்தில் மரணதண்டனை விதித்த நீதியும் இதுவே. அவன் குற்றமற்றவன் என ஹார்மன் எழுதிய கடிதமொன்று வெளிவந்த பின், 1926இல் மறுவிசாரணை நடந்து, அது பன்னிரண்டாண்டுச் சிறையாகக் குறைந்தது.

நூலைப் பாராட்டுவதோடு நின்றுவிட முடியாது. 'ஓநாய் மனிதன்' என்ற தலைப்பே ஒரு தடுமாற்றத்தைக் காட்டுகிறது. நாகரிகம் என்னும் மெல்லிய தோலுக்கடியில் விலங்கு பதுங்கியிருக்கிறது என்ற தத்துவத்தில் லெசிங்குக்குப் பெரும் பற்று. புகையிரத நிலையத்தைத் துல்லியமாக வரைந்த அதே பேனா, அடுத்த அத்தியாயத்தில் மனித இயல்பின் ஆழிருளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. இயல்பே அதுவென்றால் 1918க்கும் 1924க்கும் இடையே என்ன தனிச்சிறப்பு? இறைச்சிக் கடை வெறுமையாகக் கிடந்ததும், ஒற்றருக்குக் கூலி கொடுக்கப்பட்டதும் எந்த விலங்கின் செயல்? குற்றம் நம் எல்லோருடையதும் என்ற முடிவை நோக்கியே நூல் நகர்கிறது. இக்கூற்றின் அறநேர்மையை மதிக்கிறோம். எனினும் எல்லோரும் குற்றவாளிகளென்றால், கோப்பை மூடிவைத்த அதிகாரியும் மகனின் மேலங்கியைத் தேடிய தாயும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியதாகிறது. அவரது நூலின் சிறந்த பக்கங்களே இதை மறுக்கின்றன. பெயரும் பதவியும் தெருவும் குறித்து எழுதும்போது லெசிங் யாருடைய குற்றமென்பதை நன்கறிந்தவராகவே இருக்கிறார்.

அவரை எதிர்த்தவர்களும் அதை அறிந்திருந்தனர். 1925இல் ஹிண்டன்பேர்க் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, அந்தப் படைத்தலைவரின் வெறுமையைப் பற்றிப் பிராக் நகரப் பத்திரிகையொன்றில் லெசிங் எழுதினார். ஹார்மன் விவகாரத்திலேயே ஊரின் மானத்தைக் கெடுத்தவரென்று பெயரெடுத்தவர் மீது, இப்போது அவருடைய கல்லூரி மாணவரே திரண்டெழுந்தனர். விரிவுரை மண்டபத்தை முற்றுகையிட்டு, பேசவிடாது கூச்சலிட்டு, அவரை அகற்றாவிடில் வேறு கல்லூரிக்குச் சென்றுவிடுவோமென அச்சுறுத்தினர். சக பேராசிரியர் பலர் மாணவர் பக்கமே நின்றனர். 1926இல் அவர் கற்பிப்பதிலிருந்து விலக்கப்பட்டார்.

இருபத்துநான்கு இளைஞர் தம் நகரில் கொல்லப்பட்டபோது அந்த மாணவர்கள் ஊர்வலம் போனதாக நூலில் எங்கும் இல்லை. அவர்களுட் பலர் கொல்லப்பட்டவரின் வயதை ஒத்தவர்களே.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லெசிங் செக்கோஸ்லோவாக்கியாவின் மரியன்பாட் நகருக்குத் தப்பிச் சென்றார். ஓகஸ்ட் 30ஆம் திகதி இரவு, எழுதும் அறையில் இருந்தபோது சன்னல் வழியாகச் சுடப்பட்டு, மறுநாள் மாண்டார். கொன்றவர்கள் எல்லையைக் கடந்து ஜேர்மனிக்குள் சென்றனர்.