பதினான்காவது பாட்டு

பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பம் 1965 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியானது. மொத்தம் 14 பாடல்கள். "அருமையான ஆல்பம், கடைசிப் பாட்டு மட்டும் சுமார்" என்பார்கள் ரசிகர்கள் பலர். நானும் பல வருடங்கள் பதின்மூன்றாவது பாட்டோடு நிறுத்திக்கொண்டவள்தான்.

அந்தக் கடைசிப் பாட்டு 'ரன் ஃபார் யுவர் லைஃப்'. இன்னொருவனோடு பார்த்தால் உயிரோடு விடமாட்டேன் என்று காதலியை மிரட்டுகிறான் ஒருவன். மெட்டு துள்ளலானது, காலைத் தாளம் போடவைப்பது. மிரட்டலைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கத்தான் 'சுமார்' என்கிறோம். "அந்தக் காலம் அப்படி" என்பதும் அதற்குத்தான். ஜான் லெனனுக்கே பிற்காலத்தில் இந்தப் பாட்டு பிடிக்காமல் போனது உண்மை. அதைச் சொல்லியும் பேச்சை முடித்துவிடுகிறோம்.

இதே ஆல்பத்தில் 'இன் மை லைஃப்' பாட்டில் நம்மை உருகவைப்பதும் லெனனின் குரலே. கனிவும் மிரட்டலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. அடிக்கிற கையே ஆறுதலும் சொல்லும் என்பதை அறிந்த பெண்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஒரு பாட்டைத் தாண்டிப்போனால் அந்த அறிவையும் தாண்டிப்போகிறோம்.

மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: பிடித்த ஆல்பத்தைக் கடைசிவரை கேளுங்கள். அதன் பிறகும் பிடித்தால், எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்று இரண்டையும் எழுதுங்கள்.