பாட்டியைத் தேடுகிறவர்கள்

தீவாந்தர சிட்சை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அந்தமான். ஆங்கிலேயருக்கு அதற்கு முன்பே இன்னொரு தீவாந்தரம் இருந்தது. 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் 1,60,000 பேருக்கு மேல் கைதிகளாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் செய்த குற்றம் திருட்டு: துணி, காலணி, வேலை பார்த்த வீட்டின் பாத்திரம். தண்டனை ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு, இல்லையென்றால் ஆயுள். தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்புவதற்கான செலவு அவரவர் பாடு என்பதால், ஏழு ஆண்டுத் தண்டனையும் பெண்களுக்கு ஆயுள் தண்டனையாகத்தான் முடிந்தது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நெடுங்காலம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குடும்பத்தில் கைதி இருந்தது ‘கறை’. 1970களுக்குப் பிறகு, குறிப்பாக முதல் கப்பல்கள் வந்திறங்கிய 200ஆம் ஆண்டான 1988ஐ ஒட்டி, நிலைமை தலைகீழானது. இன்று அங்கே கைதிப் பாட்டி இருப்பது பெருமை. விடுமுறை நாட்களில் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பெயர் தேடுகிறார்கள். இந்தத் தேடலில் பிறந்த எழுத்துகளைச் சில காலமாக வாசித்துவருகிறேன். பல பக்கங்களில் கண் கலங்கியிருக்கிறேன். கூடவே ஒரு நெருடலும் இருந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் காகிதங்கள். கைதிகளை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த அரசுகள் குறைவு. டாஸ்மேனியாவின் நடத்தைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக அவள் வந்த கப்பல், குற்றம், உயரம், முகநிறம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியிருந்தால் அது கையில் எந்த இடம் என்பது வரை இருக்கும். சில பெண்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு: எத்தனை ஆண்டுகள் பாலியல் தொழிலில் இருந்தாள் என்று. ஆண் கைதியிடம் யாரும் அப்படியொரு கேள்வி கேட்டு எழுதிவைக்கவில்லை. அதற்குக் கீழே காலனியில் அவள் செய்த ‘குற்றங்கள்’ வரிசையாக வரும்: குடித்திருந்தாள், சொல்லாமல் வெளியே போனாள், எஜமானியிடம் வாய்த்துடுக்காகப் பேசினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தண்டனை: தனியறையும் ரொட்டியும் தண்ணீரும், அல்லது துணி துவைக்கும் தொட்டி.

இந்த வாய்த்துடுக்கு என்ற குறிப்பில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். உயரத்தை அளந்து எழுதியவன் அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதவில்லை. அவள் வாய் திறந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி, அதற்காக அவள் தண்டிக்கப்பட்டாள் என்ற வரி மட்டும். அந்த வரியைத் தன் பாட்டியின் ‘குணம்’ என்று படியெடுத்துக் குடும்ப வரலாற்றில் சேர்க்கும் பேத்தி, எஜமானியின் புகாரையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறாள்.

இன்னும் மோசமான காகிதம் ஒன்று உண்டு. 1806இல் நியூ சவுத் வேல்ஸின் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் காலனியின் பெண்களை எல்லாம் பட்டியலிட்டார். மொத்தம் 1,430 பேர். அவர்களில் 395 பேர் மணமானவர்கள், மற்ற 1,035 பேர் வைப்பாட்டிகள் என்றார். இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்ததை மட்டுமே அவர் திருமணமாகக் கணக்கில் எடுத்தார். ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணும் யூதப் பெண்ணும் தங்கள் முறைப்படி மணந்து, ஒரே வீட்டில் பிள்ளை பெற்று வாழ்ந்தாலும் அவர் கணக்கில் வைப்பாட்டிகள்தான். 1967இல் சட்டம் வரும்வரை சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட நம் பெண்களின் நிலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். மார்ஸ்டனின் எண் லண்டன்வரை போய், அந்தக் காலனியே ஒழுக்கங்கெட்ட பெண்களால் ஆனது என்பதற்குச் சான்றாகியது. அந்தப் பெண்களோடு வாழ்ந்த ஆண்களைத் தரம் பிரித்து அவர் பட்டியல் போடவில்லை.

ஆண்கள் காணாமல்போகும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. பெண் கைதிகளை வீட்டுவேலைக்கு எஜமானர்களிடம் அனுப்புவார்கள். வேலைக்கு அனுப்பாத நேரத்தில், அல்லது தண்டனை கொடுக்க, ‘பெண்கள் தொழிற்சாலை’ என்ற சிறை இருந்தது. பாரமட்டாவில் ஒன்று, ஹோபார்ட்டின் கேஸ்கேட்ஸில் ஒன்று, இன்னும் சில. வேலை செய்யும் வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் அவளைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே பிள்ளை பெற்று, பால் மறக்கடித்த பிறகு, கருவுற்ற குற்றத்துக்காகத் தண்டனை வகுப்பில் சேர்ப்பார்கள். குழந்தை அங்கேயே தாயில்லாமல் கிடக்கும். அந்தக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பதிவேட்டில் கர்ப்பம் அவளுடைய குற்றம். வீடு யாருடையது என்பது தெரிந்திருந்தும் தகப்பன் யார் என்று கேட்டவர் இல்லை.

இதையெல்லாம் முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் ஆன் சம்மர்ஸ். 1975இல் வந்த ‘டாம்ன்ட் ஹோர்ஸ் அண்ட் காட்ஸ் போலீஸ்’ நூலில், அந்தச் சமூகம் பெண்ணுக்கு இரண்டே அச்சுகளை வைத்திருந்தது என்றார்: ஒன்று வேசி, மற்றது ஆண்களைத் திருத்தும் நல்ல மனைவி. பிறகு டெபோரா ஆக்ஸ்லி, 1826க்கும் 1840க்கும் இடையே நியூ சவுத் வேல்ஸுக்கு வந்த 6,876 பெண்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். பெரும்பாலோர் தொழில் தெரிந்த உழைக்கும் பெண்கள், முதல் முறையாகச் சிக்கியவர்கள் என்று 1996இல் வெளிவந்த அவர் நூல் காட்டியது. கைதிப் பெண் என்றாலே வேசி என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நேராக அடுத்த அச்சுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதே என் குறை. பிள்ளைகளின் பசிக்காக ரொட்டி திருடிய பாட்டி, பிறகு நல்லவனை மணந்து, பத்துப் பெற்று, நாட்டின் தாயானாள். இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துவிட்டது. பசிக்குத் திருடியவர்கள் இருந்தார்கள்தான். அழகான ரிப்பன்மேல் ஆசைப்பட்டுத் திருடியவளும் இருந்திருப்பாள், குடித்தவளும், உடலை விற்றவளும் இருந்தார்கள். அவர்கள் என் பாட்டியாக இருந்தால் நான் என்ன செய்வேன்? பாட்டியை வெள்ளையடித்துத்தான் வீட்டுக்குள் அழைக்க முடியும் என்றால், மார்ஸ்டனின் பேனா நம் கையில்தான் இருக்கிறது. அவள் பெற்ற பிள்ளைகள் உழுத நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தது என்பதும் இந்தத் ‘தாய்’ கதையில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் தேடும் முறையிலேயே இருக்கிறது. வாரிசுகள் தேடுகிறார்கள் என்றால், வாரிசு உள்ளவர்களைத்தான் தேடுகிறார்கள். வம்சாவளி கர்ப்பப்பையின் வழியாகப் போகும் பாதை. பிள்ளை பெறாதவள், பெற்ற பிள்ளையைத் தொழிற்சாலையில் பறிகொடுத்தவள், பெண்ணோடு வாழ்ந்தவள், தனிமைச் சிறையில் மனம் பிறழ்ந்தவள் ஆகியோரைத் தேடி எந்தக் கொள்ளுப்பேத்தியும் காப்பகத்துக்கு வருவதில்லை. மலடி என்று உயிரோடு ஒதுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். இங்கே செத்து நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அதுவே நடக்கிறது.

அதனால்தான் பாபெட் ஸ்மித்தின் ‘எ கார்கோ ஆஃப் விமன்’ (1988) எனக்கு முக்கியமான நூல். அவரும் தன் மூதாதையைத் தேடித்தான் தொடங்கினார். சூசன்னா வாட்சன், நாட்டிங்ஹாம்காரி. கடைத் திருட்டுக்குப் பதினான்கு ஆண்டுத் தண்டனை பெற்று, கணவனையும் பிள்ளைகளையும் விட்டு, 1829இல் ‘பிரின்சஸ் ராயல்’ கப்பலில் சிட்னி வந்தவள். ஸ்மித் சூசன்னாவோடு நின்றிருக்கலாம். அவர் அதே கப்பலில் வந்த சுமார் நூறு பெண்களையும் சேர்த்துத் தேடினார். ரத்த உறவு என்ற அளவுகோல் அங்கே உடைந்துவிடுகிறது. ஒரே தளத்தில் படுத்து, ஒரே கஞ்சியைக் குடித்து, மாதக்கணக்கில் கடல் கடந்தவர்கள் என்பதே உறவாகிறது. நல்லபடியாக வாழ்ந்தவளும் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, சூசன்னாவுக்கு நற்சான்றிதழ் எழுதும் அவசரம் அந்த நூலுக்கு இல்லாமல்போகிறது. ஸ்மித்தின் எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. காலனி பெண்களுக்குத் திறந்துவிட்ட வாய்ப்புகளை அவர் சற்று அதிகமாகவே நம்புகிறார் என்று தோன்றுகிறது. ஆனாலும் முறை சரியான முறை.

டாஸ்மேனியக் கலைஞர் கிறிஸ்டினா ஹென்ரி இதையே நூலும் ஊசியும் கொண்டு செய்தார். தீவாந்தரம் போன 25,566 பெண்களுக்கும் ஆளுக்கொரு துணித்தொப்பி, அந்தக் காலத்து வேலைக்காரிகள் அணிந்த மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயரும் கப்பலும் ஆண்டும் தைக்கப்பட வேண்டும். பாட்டி உள்ளவர்கள் முதலில் வந்து தங்கள் பாட்டியின் பெயரைத் தைத்தார்கள். மீதிப் பெயர்களுக்கு உறவென்று யாரும் இல்லாததால், தெரியாத ஊர்களில் இருந்த தெரியாத பெண்கள், பட்டியலில் இருந்து ஒரு பெயரை வாங்கிக்கொண்டு போய்த் தைத்து அனுப்பினார்கள்.