பத்து லிட்டர் வாலை: வெட்டிவேருக்குச் சரி, மல்லிக்கு ஆகாது

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைக் கடைகளில் ஊதுபத்தி, சாம்பிராணியோடு குப்பியில் அடைத்த வாசனை எண்ணெயும் விற்கிறது. அதைத் தானே இறக்கி, சொந்தப் பெயரில் விற்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஆவியாக்கி வடிக்கும் கருவியான வாலை. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் வடிப்பதும் இந்தக் கருவியில்தான். சோதனைக்கு எடுத்துக்கொண்டது, வீட்டு கேஸ் அடுப்பில் உட்காரும் பத்து லிட்டர் செம்பு வாலை.

உள்ளே ஈயம் பூசவில்லை. அதுவே நல்லது. பூவும் வேரும் வேகும்போது எழும் கந்தக நெடியைச் செம்பு பிடித்துக்கொள்ளும், எவர்சில்வர் பிடிக்காது. வேலை முடிந்ததும் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு.

வெட்டிவேரில்தான் இந்தக் கருவியின் தரம் தெரிகிறது. கடலூர்க் கடலோர மணலில் விளைந்த வேரை மண் போக அலசி, நறுக்கி, இரவெல்லாம் ஊறவைத்து ஏற்றினால், முதலில் சொட்டும் நீரில் பச்சை வேர் வெந்த வாடை தூக்கலாக இருக்கிறது. பொறுக்க வேண்டும். வெட்டிவேரின் கனமான மணம் கடைசியில்தான் இறங்கும். சிறுதீயில் நாள் முழுக்க ஓடினால்தான் அது கிடைக்கும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் ஆவி சீறியது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து அப்பியதும் நின்றது. இன்னொரு சிக்கல், இந்த எண்ணெயின் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். சட்டென மிதந்து பிரியாமல் நீரில் கலங்கலாக நிற்கும். வாலையோடு வரும் சாதாரணக் கண்ணாடிக் குடுவை அதற்குப் போதாது. அடியில் திருகு வைத்த பிரிகுடுவை தனியாக வாங்க வேண்டும்.

பன்னீர் ரோஜா போட்டால் அருமையான பன்னீர் வரும். எண்ணெயை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு டன் கணக்கில் பூ வேண்டும்.

மல்லியில்தான் ஏமாற்றம். காலையில் பறித்த மொட்டு இரவில் விரியும்போதுதான் முழு மணமும் வரும். அந்த மணம் கொதிநீரைத் தாங்காது. அதனால்தான் தமிழ்நாட்டின் மல்லி ஆலைகள் ஹெக்சேன் கரைப்பானில் மெழுகுபோன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, அதிலிருந்து ஆல்கஹாலால் ‘அப்சொல்யூட்’ பிரிக்கின்றன. வட இந்தியாவின் கன்னோஜ் ஊர் அத்தர்காரர்களின் வழி வேறு. தேக் என்னும் செம்பு அண்டாவில் பூ வேகும்; மூங்கில் குழாய் வழியே ஆவி, பாப்கா என்னும் வாங்கும் பாத்திரத்துக்குப் போகும். பாப்காவில் காத்திருக்கும் சந்தன எண்ணெய் அந்த மணத்தைக் குடித்துக்கொள்ளும். நாள்தோறும் புதுப் பூ போட்டுத் திரும்பத் திரும்ப வடிப்பார்கள். இந்த வாலையிலும் வாங்கும் பாத்திரத்தில் சந்தன எண்ணெய் ஊற்றிச் செய்யலாம். ஆனால் சந்தன எண்ணெய் விற்கும் விலையில் அது கைத்தொழிலுக்குக் கட்டுப்படியாவது கடினம்.

திருவண்ணாமலை வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அந்தத் தண்ணீரில் ஆவியைக் குளிர்விக்கும் சுருள்குழாய் குளிராவிட்டால் மணம் ஆவியாகவே போய்விடும். தண்ணீரில் ஐஸ் கட்டி போடலாம். மார்கழி, தையில் வடிப்பது இன்னும் மேல்.

விற்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலில் பூசும் வாசனையாக விற்றால், எண்ணெயாக இருந்தாலும் அழகுசாதனத் தயாரிப்பு உரிமம் தேவை. ஆல்கஹால் கலந்து ஸ்ப்ரே ஆக்கினால் கலால் துறை அனுமதியும் சேரும்.

வெட்டிவேர், பன்னீர் ஆகியவற்றோடு தொடங்குபவர் இதைத் தாராளமாக வாங்கலாம். மல்லி அத்தர் மட்டுமே குறி என்றால் வாங்க வேண்டாம்.