'சேஷியேட்' என்றால் வெறும் மனநிறைவா?

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்குத் தயாராகும் மாணவர்களே, அவர்களுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களே, 'சேஷியேட்' என்ற சொல்லுக்கு நேரே 'முழு மனநிறைவு அளித்தல்' என்று எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிப் பொருள்தான். அதை நம்பிய மாணவர், "என் தேர்வு முடிவால் அப்பா அம்மா சேஷியேட் ஆனார்கள்" என்று எழுதிவிடுகிறார். இலக்கணம் சரி, படிப்பவருக்கோ, பெற்றோர் தேர்வு முடிவை வயிறு முட்டச் சாப்பிட்டது போலத் தோன்றும்!

காரணம் வேரில் இருக்கிறது. லத்தீனில் 'சாதிஸ்' என்றால் 'போதும்'. அதிலிருந்து வந்த 'சேட்டிஸ்ஃபை', போதுமானதைச் செய்வது. வேலைக்கும் விதிமுறைக்கும் பதிலுக்கும் பொருந்தும். 'சேஷியேட்' பசி, தாகம், ஆவல் இவற்றோடு நிற்கும் சொல். ஒரு வேட்கை இருக்க வேண்டும், அது அடங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் 'இனி வேண்டவே வேண்டாம்' என்ற சலிப்பும் அதற்குள் உண்டு. ஆங்கிலத்தில் சோகத்தைக் குறிக்கும் 'சேட்' என்ற சொல்லும் பழங்காலத்தில் 'நிரம்பியது, சலித்தது' என்ற பொருளில்தான் வழங்கியது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள்.

இதை விளக்க அகராதியைப் புரட்ட வேண்டாம். கரங்கான் வட்டாரத் தோட்டப்புறத்தில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?"ன்னுதானே கேட்கிறோம்? பசி ஆறுவதுதான் 'சேஷியேட்'. தீபாவளியன்று நாலாவது அதிரசத்தைத் தட்டில் வைக்கும்போது "போதும் அத்தே, திகட்டுது" என்கிறோமே, அதுவும் 'சேஷியேட்'தான். ஒரே ஆங்கிலச் சொல்லில் இருக்கும் இரண்டு நிலைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பேச்சு ஆங்கிலத்துக்கு உதவாது என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. "அவனுக்கு என்மேல சேட்டிஸ்ஃபை இல்ல"ன்னு பேசுகிறோம். இது மலாயின் 'தாக் புவாஸ் ஹாத்தி'. அதில் மனக்குறை, வன்மம், சில நேரம் பொறாமைகூட இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. 'நாட் சேட்டிஸ்ஃபைட்' என்று கட்டுரையில் எழுதினால் தரம் போதவில்லை என்றுதான் பொருள்படும். (மலாயில் 'கரங்கான்' என்றாலே கட்டுரைதான்; நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டுரையில் தடுக்கலாமா?)

ஆகவே அந்த ஒருவரிப் பொருளை அடித்துவிட்டு, 'பசியாற்று, வேட்கை தணி. மிகுந்தால், திகட்டச் செய்' என்று எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரின் மகிழ்ச்சிக்கு 'ப்ரௌட்' போதும். வேலை சரியாக முடிந்ததா, 'சேட்டிஸ்ஃபைட்'. உள்ளதே போதும் என்ற அமைதிக்கு 'கன்டென்ட்'. 'சேஷியேட்'டைச் சாப்பாட்டுக்கும், தீராத ஆவலுக்கும் எடுத்து வையுங்கள்.