தப்பாக ஆடும் சுகம்

ரசத்தை வைத்துச் சமையல்காரரை எடைபோடும் வீடுகள் உண்டு. டெக்ஸ்ட் அட்வெஞ்சர் விளையாட்டுகளுக்கு நான் வைத்திருக்கும் ரசம், தப்பான கட்டளைக்கு அவை சொல்லும் பதில்.

படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஒரு பத்தி, அதன் கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு குறி, திரையில் அவ்வளவுதான். விளக்கை எடு, வடக்கே போ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கதை ஓரடி நகரும். சரியான கட்டளைகளை மட்டும் வரிசையாக அடித்தால் பெரிய விளையாட்டுகூடச் சீக்கிரம் முடிந்துவிடும். அப்படி யார் ஆடுகிறார்கள்? மூடிய கதவை இழுப்போம், தள்ளுவோம், உதைப்போம், கடைசியில் அதனிடம் பேசியும் பார்ப்போம். நாம் வாசிப்பதில் பெரும்பங்கு இந்த அசட்டு முயற்சிகளுக்கு வரும் பதில்கள்தான். அவற்றை ஆசிரியர் எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார் என்று பார்க்கத் தொடங்கும்போது ரசனையும் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கலை பிறந்த காலத்திலேயே இது தெரிந்திருக்கிறது. இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு ப்ரோக்ராம் எழுதியவர்களில் ஒருவரான வில் க்ரௌதர் ஒரு குகைப் பித்தர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் தவழ்ந்து வரைபடம் போட்டவர். 1970களின் நடுவில், மணமுறிவுக்குப் பிறகு, மகள்கள் விளையாடட்டும் என்று அந்தக் குகையின் ஒரு பகுதியை ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் விளையாட்டாக எழுதினார். 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்துப் பெரிதாக்கினார். அட்வெஞ்சர் என்ற அந்த விளையாட்டில் ஒரு டிராகன் வழிமறித்துப் படுத்திருக்கும். கோடாரியை எறிந்தால் செதிலில் பட்டுத் தெறிக்கும். வேறு வழி தெரியாமல் டிராகனைக் கொல் என்று வெறுமனே அடித்தால், எதை வைத்து, வெறுங்கையாலா என்று கேலி வரும். எல்லோரும் அங்கே வெட்கப்பட்டுப் பின்வாங்குவார்கள். ரோஷக்காரர் யாராவது ஆமாம் என்று அடித்துப் பார்த்தால் டிராகன் செத்தே போய்விடும்! கேலிக்குள்ளேயே விடையை ஒளித்த அந்தக் குறும்பு இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்கிறது.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 1979-இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. ஸோர்க் என்ற விளையாட்டு அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்றாலும், தப்புக்குப் பதில் எழுதும் வித்தையின் உச்சம் 1984-இல் வந்த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு. நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து செய்தது. அதில் பேபல் மீன் என்று ஒன்று. காதுக்குள் விட்டால் எந்தக் கிரகத்து மொழியும் புரியும். மீன் தரும் மெஷின் எதிரிலேயே இருக்கிறது, பட்டனை அழுத்துகிறீர்கள். மீன் பாய்ந்து எதிர்ச்சுவரில் ஒரு கொக்கிக்குக் கீழே இருக்கும் ஓட்டைக்குள் மறைகிறது. சரி, போட்டிருக்கும் கவுனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி ஓட்டையை மறைக்கிறீர்கள். மீன் கவுனின் கையில் வழுக்கித் தரையிலுள்ள சாக்கடைக் கம்பிக்குள் விழுகிறது. அதன்மேல் துண்டை விரிக்கிறீர்கள். இப்போது துப்புரவு ரோபோ ஒன்று ஓடிவந்து மீனைப் பொறுக்கிக்கொண்டு தன் குட்டிக் கதவு வழியே போய்விடுகிறது. கதவுக்கு முன்னால் தோள்பையை வைத்தால், ரோபோ அதில் மோத, மீன் ஆகாயத்தில் எகிற, அறையின் மேல்பாதியைச் சுத்தம் செய்வதற்கென்றே இருக்கும் இன்னொரு ரோபோ பறந்துவந்து பிடித்துக்கொள்கிறது. பையின்மேல் ஒரு கட்டு விளம்பரத் தபாலை வைத்தால்தான் அது காகிதங்களைப் பொறுக்குவதில் மும்முரமாக, மீன் உங்கள் காதில் வந்து விழும்.

ஒவ்வொரு தோல்வியும் அடுத்த முயற்சிக்குத் துப்பு. கூடவே ஒரு புது நகைச்சுவை. முதல் முயற்சியிலேயே மீன் கிடைத்திருந்தால் இந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை. இந்தப் புதிரைத் தாண்டியவர்கள் பெருமையடித்துக்கொள்ள இன்ஃபோகாம் டி-ஷர்ட்டே போட்டு விற்றது.

ஆனால் இதே இடத்தில் ஒரு கொடுமையும் இருக்கிறது. அந்தத் தபால் கட்டு கிடந்தது நாயகனின் வீட்டு வாசலில். அங்கே எடுக்காமல் வந்திருந்தால் போச்சு, கதையில் அதற்குள் பூமியையே இடித்தாகிவிட்டது. இதை நான் ரசிப்பதில்லை. கிரஹாம் நெல்சனுக்கும் இது பிடிக்கவில்லை. இந்த வகை ஆட்டங்களை எழுத 1993-இல் இன்ஃபார்ம் என்ற கணினி மொழியைத் தந்த இந்த ஆங்கிலேயர், ஆடுபவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலே போட்டார். வெல்ல முடியாத நிலையில் ஆளைச் சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிவிடக் கூடாது என்பது அதில் ஒன்று.

சரியான வினைச்சொல்லுக்காகத் தவியாய்த் தவிக்க விடுவது இன்னொரு குற்றம். திருகு என்றால் திறக்கும், சுழற்று என்றால் முழிக்கும். வர்ணனையில் மேஜைமேல் கடிதம் என்று எழுதிவிட்டு, கடிதத்தைப் பார் என்றால் அப்படி எதுவும் இங்கே இல்லை என்று கைவிரிக்கும் ஆட்டங்களை நான் அத்தோடு மூடிவிடுவேன். இதையெல்லாம் சவால் என்று சொல்ல முடியாது, சோம்பல்.

இன்ஃபோகாம் 1989-இல் மூடப்பட்டது. ஆர்வலர்கள் விடவில்லை. 1995 முதல் ஆண்டுதோறும் போட்டி நடத்தி, பெரும்பாலும் இலவசமாகவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிலையோடு உரையாடுவதே முழுக் கதையான எமிலி ஷார்ட்டின் கலாட்டியாவை (2000) பலர் கொண்டாடுகிறார்கள். வேலைப்பாடு அபாரம், எனக்கு என்னவோ மனசோடு ஒட்டவில்லை. ஆண்ட்ரூ ப்ளாட்கினின் ஸ்பைடர் அண்ட் வெப் (1998) அப்படியில்லை. நீங்கள் பிடிபட்ட உளவாளி, நாற்காலியில் கட்டுண்டு விசாரணையில் இருக்கிறீர்கள். ஆடுவதெல்லாம் உங்கள் வாக்குமூலம். கதவைத் தப்பாகத் திறந்து அலாரம் அடித்தாலோ, காவலாளி கையில் செத்தாலோ, விசாரிப்பவர் குறுக்கிடுவார்: அப்படி நடந்திருக்க முடியாது, மறுபடி சொல். மற்ற ஆட்டங்களில் செத்தால் பழைய சேவ் ஃபைலுக்கு ஓடவேண்டும். இங்கே சாவும் கதைக்குள் ஒரு பொய்யாகச் சேர்ந்துவிடுகிறது. நடுவில் ஒரு கட்டத்தில், யாரும் சொல்லித்தராத ஒரு கட்டளையை நீங்களே யோசித்து அடிக்க வேண்டும். அது என்ன என்று எழுதினால் எனக்குப் பாவம் சேரும். உளவாளி அதுவரை சொன்ன பொய்கள் அத்தனையும் அந்த ஒரு கணத்தில் உங்களுக்கும் விளங்கும். நாவல் எதிலும் எனக்கு இது வாய்த்ததில்லை. அடித்தது என் விரல் அல்லவா!

இன்ஃபோகாம் காலத்தில் துப்புப் புத்தகங்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகி வரும். கூடவே தரும் பேனாவால் தேய்த்தால், முதலில் ஜாடையான துப்பு, அடுத்தது கொஞ்சம் வெளிப்படை, கடைசியில் விடை. இன்றைக்கு முழு விடையும் போனில் கிடக்கிறது, அதுதான் ஆபத்து.

புதிதாக வருகிறவர்கள் ஆடம் கேட்ரேயின் 9:05-இல் தொடங்குங்கள். 2000-இல் வந்தது, இலவசம், சில நிமிடங்களில் முடியும். முடிந்ததும் உடனே இரண்டாம் முறை ஆடுங்கள், காரணம் தானாகப் புரியும். பிறகு ஸ்பைடர் அண்ட் வெப். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கட்டும், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.