களையும் உழைப்பும்: பதிற்றுப்பத்திலிருந்து பார்த்தீனியம் வரை

அக்கராயன்குளத்து நீரை நம்பிய வயல்கள் 2008ஆம் ஆண்டுப் போரினால் தம் உழவரை இழந்தன. போர் முடிந்தபின் படிப்படியாக மீளக்குடியேறியோர், புதர் மண்டிய நிலத்தை வெட்டித் திருத்தியே மீண்டும் விதைக்க வேண்டியிருந்தது. இதனை இயற்கை தன் நிலத்தை மீட்டுக்கொண்டதாகக் கூறுவோர் உளர். களையை வரலாற்றுக்குப் புறம்பாக வைக்கும் இந்நோக்கு, இலக்கியத் திறனாய்விலும் மறுக்கப்பட வேண்டியதாகும்.

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடிய பதிற்றுப்பத்து 13ஆம் பாட்டு இங்கு நோக்கத்தக்கது. போருக்கு முன் கரும்புப் பாத்தியில் நெய்தல் பூத்திருந்தது. பாட்டின் பெயரே ‘பூத்த நெய்தல்’. போருக்குப் பின் அக்கழனியில் விடத்தரும் உடையும் ஓங்குகின்றன. சாம்பல் படிந்த பாழில் நெருஞ்சி படர்கின்றது. நெய்தலும் எவரும் விதைக்காமல் முளைத்ததே. ஆயின் அது பாய்ச்சிய நீரை, அதாவது மனித உழைப்பைச் சார்ந்து வாழ்வது. பின்னையவை உழைப்பு நின்ற இடத்தில் எழுவன. வயற்கோரை உழவோடு கூடி வாழ்வதும், கைவிட்ட வயலில் முட்செடி ஏறுவதும் வன்னி விவசாயி நன்கறிந்த இதே வேறுபாடுதான். விடத்தல்தீவு என்னும் மன்னார் ஊர்ப்பெயர் அச்செடியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

புலவரின் அவதானிப்பு நுண்ணியது. எனினும் அழிவு இங்கு அழித்தவனின் புகழாகின்றது. வெளியேறிய உழவனின் குரலுக்கு இடமில்லை. புலவர் பெற்ற பரிசில் 500 ஊர் எனப் பதிகம் கூறுவதை இதனோடு இணைத்து நோக்குதல் தகும்.

இந்திய அமைதிப்படைக் காலத்தை (1987-1990) களமாகக் கொண்ட தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ (2016) நாவலில் நோக்குநிலை மாறிவிடுகின்றது. அழிவுக்கு அதனை அனுபவித்தோரே பெயரிடுகின்றனர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி அப்படையோடு வந்தது என்ற கருத்துப் பரவலானது. 1999இல் வவுனியாவில் அது இனங்காணப்பட்டது. ஆயினும் வந்தேறிய களை என்னும் படிமம், விதையைக் கொணர்ந்தவரைச் சுட்டுமளவுக்கு மண்ணைத் திறந்துவைத்த நிலைமைகளைச் சுட்டுவதில்லை. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை ஈனும். அவை மண்ணுள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் நெருங்கி வளர்ந்த புல்லிடையே அது எளிதில் தலையெடுப்பதில்லை. வீதியோரமும் கிளறிய மண்ணும் கைவிட்ட தோட்டமுமே அதன் இடங்கள்.

எனவே களையை விதியாகவோ அந்நியனாகவோ மட்டும் வாசித்தல் போதாது. யாருடைய உழைப்பு, எவரால், எப்போது நிறுத்தப்பட்டது என்பதற்கான சான்றாக அதனை வாசித்தல் வேண்டும். அக்கராயனில் புதர் வெட்டிய உழவரை மையமாகக் கொள்ளும் படைப்பே இந்த வரிசையில் அடுத்து வரவேண்டியது.