குழூஉக்குறியும் தாயக்கட்டமும்

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றலும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றலும் உரைகள் காட்டும் உதாரணங்களாம். இவற்றைப் பயிலும் மாணவர் பலர், பிறர் அறியாவண்ணம் பொருளை மறைத்தலே குழூஉக்குறியின் பயன் எனக் கொள்வர். இது குறையுடைய கருத்து. கள் உண்டார் வாய் உள்ளதையெல்லாம் விளம்பிவிடும் என்னும் நகைப்பு, சொல்விளம்பி என்ற பெயரிலேயே வெளிப்பட்டு நிற்கின்றது. அஃது எதனை மறைக்கின்றது?

விளையாடுவோர் வழக்கை நோக்கின் உண்மை தெளிவாகும். சபரகமுவையிலே, தோட்டங்கள் சூழ்ந்த றக்வானவிலும், தமிழர் வாழும் பிறவிடங்களிற்போலத் தாயம் பழகிய ஆட்டமே. கட்டையில் ஒன்று விழுந்தால் தாயம். அது விழுந்தாலன்றிக் காய் இறங்காது. மாற்றார் காய் நிற்கும் கட்டத்திற் சென்று அதனை நீக்குதல் வெட்டு. வெட்டுக்கு அஞ்சாது தங்கும் கட்டம் மலை. சுற்றி வந்து நடுவே ஏறிய காய் பழம். காய் கனியாகும் இவ்வுருவகம் செய்யுளில் வந்திருப்பின் உரையாசிரியர் நயம் கூறியிருப்பர். திண்ணையிற் பிறந்தமையாற் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஆடுவோர், 'என் காய் மலையில் நிற்கின்றது' என்னாது, 'நான் மலையில இருக்கேன்' என்பர். காய் வெட்டுண்டால், 'என்னை வெட்டிட்டான்' என்பர். ஒரு புளியங்கொட்டை தன்மைப் பெயரை ஏற்றுக்கொள்கின்றது. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டிலும், ஆடுவோர் தாம் புனைந்த வீரனை 'நான்' என்றே சுட்டுவர். இருபது முகப் பகடையில் இருபது விழுதற்கும் தனிப்பெயர் வைத்துள்ளனர். கூத்தாடும் மரபுடைய நமக்கு இது புதுமையன்று.

ஆட்டத்தில் ஆள் காயினுட் புகுகின்றான். அதே மக்கள் காலையிற் பிரட்டுக்களத்துக்குச் சென்றாலோ ஆள் பேராகின்றான். பிரட்டு, லயம் என்பன ஆங்கிலச் சொற்களின் திரிபு. அவற்றை நீளப் பேசவேண்டுவதில்லை. பேர் என்பதோ நல்ல தமிழ். ஒருநாள் வேலையும் அதற்குரிய கூலியும் ஒரு பேர். குறித்த நிறைக் கொழுந்து கொய்யாதாள் பெறுவது அரைப்பேர். அயலான் செவிக்கு இது வேடிக்கை. அவளுக்கோ அடுப்பில் ஏறும் அரிசியின் அளவு.

இச்சொல்லை மாணவன் கட்டுரையில் எழுதின், ஆசிரியர் சிவப்பு மையாற் கீறி 'நாட்கூலி' என்று திருத்துவர். பொருள் பிழையாகாது. எனினும் ஆளின் பெயரே பாதியாய் நறுக்கப்படும் அந்த வன்மை நாட்கூலியில் இல்லை. கொச்சையென்று தள்ளப்பட்டது உண்மையிற் கணக்கேட்டின் குரூரத்தை உள்ளவாறு உரைத்த சொல்லாகும். பேர் என்பதனை ஆகுபெயர் எனலாம். அரைப்பேருக்கு எவ்விலக்கணம் சொல்வது என்பதனைத் திருத்தும் ஆசிரியரே கூறல் வேண்டும்.